முகவரிக்குள் போன சிவப்பு

நான் பயந்த சுபாவம். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமே கிடையாது. பால் பொங்கி அடுப்பு அணைந்தால் பயம். போன் அடித்து, எடுப்பதற்குள் நின்றுபோனால் பயம். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வரக் கொஞ்சம் தாமதமானால் வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்து நடந்தே செருப்பைத் தேய்த்துவிடுவேன். "உனக்கு பயம் இல்லாத ஒரே எடம் கம்ப்யூட்டர்தான்டி" என்று அவர் கிண்டல் செய்வார். அது வாஸ்தவம்தான். அந்த ஒரு இடத்திலும் பயம் வந்து குடியேறிய விதத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆம்பூரை ஒட்டி, தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. நான் முன்பக்கம் ஆபீசில், சிஸ்டம் செக்‌ஷன். வாணியம்பாடிக்கு தினமும் பஸ்ஸில் போய்க் கம்ப்யூட்டர் படித்தவள். அவர் பின்பக்கம், கழிவுநீர்ப் பகுதியில் பம்ப் ஃபிட்டர். தோல் ஊறிய தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர், குரோம் தண்ணீர் எல்லாம் தனித்தனி டேங்குகளில் வந்து விழும். பம்ப் அடைத்துக்கொண்டால் யாராவது ஒருவர் உள்ளே இறங்கியாக வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் என் வீட்டுக்காரர்தான்.

டேங்குக்குள் கேஸ் நிற்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் பாடமாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் டேனரி ஆட்கள் அந்த நாற்றத்துக்குப் பயப்பட மாட்டார்கள், அது சட்டென்று நின்றுபோனால்தான் பயப்படுவார்கள். கேஸ் ஜாஸ்தியானால் முதலில் மூக்குதான் வேலையை நிறுத்துமாம். நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் போனார்கள். அண்ணன் இறங்கினார், எழவில்லை. தூக்கப் போன தம்பியும் எழவில்லை. ஷாமியானாவுக்குக் கீழே இரண்டு பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததை அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அப்படிப் பார்த்தவள் போயும் போயும் ஒரு டேங்க் ஃபிட்டருக்கே கழுத்தை நீட்டினேன். எல்லாம் ஜாதகம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால் நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அதுவும் கிடையாது.

எங்கள் டேனரியில் ஒரு பழக்கம் உண்டு. பெரிய பீப்பாய் மாதிரி சுழல்கிற குரோம் டிரம்மிலிருந்து வெளியே வருகிற தோல் வெளிர்நீலமாக இருக்கும். அந்த நிறம் பிடித்துவிட்டால் தோல் இனி அழுகாது, தைரியமாகக் கை வைக்கலாம். அதைப் பார்த்து யார் எப்போது ஆரம்பித்தார்களோ தெரியாது, வேலை முடிந்த டிரம்மின் கைப்பிடியில் ஒரு நீலத் துணியைக் கட்டிவிடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கிற டிரம்முக்குச் சிவப்புத் துணி. அது டிரம்மைத் தாண்டி மோட்டார், வால்வு என்று எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. புதிதாகச் சேருகிறவருக்கு முதல் நாள் சொல்வதே அதுதான். சிவப்பு கட்டினதைத் தொடாதே, நீலம் கட்டினதில் கை வை.

டேங்குகளுக்கு ஒரு வலைப்பக்கம் செய்யலாம் என்று முடிவானபோது, நிறத்தைப் பற்றி எங்களுக்குள் பேச்சே எழவில்லை. சாஃப்ட்வேர் செய்ய வந்த சென்னைக் கம்பெனிக்காரர்தான் மூக்கை நுழைத்தார். "பச்சை போட்டுடலாம் மேடம், சேஃப்னா உலகம் பூரா பச்சைதானே."

"உலகம் எப்டியோ போவட்டும், எங்க ஆளுங்களுக்கு நீலம்தான் புரியும்" என்று மேனேஜர் சொன்னார். நானும் அதையே சொன்னேன். டிரம் ஓட்டுகிறவர்களும் சொன்னார்கள். நீலமே நின்றது. டேங்குக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு லிங்க். மீட்டர் வைத்துப் பார்த்து, கேஸ் இல்லை என்று பாதுகாப்பு அதிகாரி பதிந்தால் அந்தப் பெயர், பின்னால் ஒரு வண்ணப் பட்டையோடு, நீலமாக வரும். மீட்டர் வைக்கவில்லை என்றாலோ கேஸ் இருக்கிறது என்றாலோ சிவப்பு. பெயரைத் தொட்டால் மீட்டர் எப்போது வைத்தார்கள், என்ன காட்டியது என்ற விவரம் திறக்கும். யாரும் தொட மாட்டார்கள். நிறத்தைப் பார்ப்பார்கள், வேலையைப் பார்க்கப் போவார்கள்.

டேங்க் பக்கம் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. ஒரு பொறி போதும், பிடித்துக்கொள்ளும். அதனால் எல்லாருடைய போனும் லாக்கரில் கிடக்கும். பம்ப் ஷெட் சுவரில் மட்டும், பொறி பறக்காத கனத்த உறைக்குள் ஒரு டேப்லெட் மாட்டியிருந்தோம். அதில் இந்த ஒரு பக்கம்தான் ஓடும், பேசவெல்லாம் முடியாது. இறங்குகிறவர் அதை ஒருமுறை பார்ப்பார். அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்து மேலே நிற்கிறவர், இறங்குகிறவர் முழுதாக உள்ளே போவதற்கு முன்னால் பக்கத்தைப் புதிதாகத் திறந்து இன்னொருமுறை பார்த்து நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது பார்வையை விதியில் சேர்க்கச் சொல்லி மேனேஜரிடம் மல்லுக்கு நின்றவள் நான். "ரொம்ப பயப்படறம்மா நீ" என்றார். பயப்படுகிறவளிடம் வேலையைக் கொடுத்தால் பின்னே எப்படி இருக்கும்?

இனி லிங்க் சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்தில் லிங்க்கை யாரும் கையால் எழுதுவதில்லை. ஃப்ரேம்வொர்க் என்று ஒன்று இருக்கிறது, அதனிடம் கேட்டால் அதுவே செய்து கொடுக்கும். கேட்கும்போது வரிசையாக நாலு விஷயம் சொல்ல வேண்டும். லிங்க்கின் பெயர், அது போக வேண்டிய பக்கம், முகவரியின் வாலில் ஏதாவது ஒட்ட வேண்டுமானால் அது, கடைசியாக லிங்க்கின் மேல் குத்த வேண்டிய அடையாளம். எங்கள் பக்கத்தில் அந்த அடையாளம் 'சிவப்பு' அல்லது 'நீலம்'. நான்தான் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் வைத்திருந்தேன். சிஎஸ்எஸ் என்கிற ஸ்டைல் ஃபைல் தனியாக இருக்கும். அது அடையாளத்தைப் பார்த்து வண்ணம் பூசும். அடையாளம் இல்லாத லிங்க்கை அது கண்டுகொள்ளாது. அப்படி யாரும் கண்டுகொள்ளாத லிங்க்குக்கு பிரவுசர் தானாகவே ஒரு நிறம் கொடுக்கும். அந்த நிறம் நீலம்.

இது காலேஜில் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்தது. எனக்கும் தெரியும், சென்னைக்காரருக்கும் தெரியும். டேங்க் பக்கம் வேலை செய்கிற யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு நான் லீவு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது, மறுபடி காட்டுவதற்கு வேலூர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் இட்லியை விழுங்கிக்கொண்டே அவர் சொன்னார்.

"ஊறல் டேங்க் பம்ப் அடைச்சிக்கிச்சி. இன்னைக்கி எறங்கியே ஆவணும்."

"மீட்டர் வெச்சாங்களா?"

"வெப்பாங்க."

"வெப்பாங்கன்னா இன்னாங்க அர்த்தம்?"

"ஏய், நீ பண்ண பேஜ்தானே? அத பார்த்துட்டுதான் எறங்குவேன். காலங்காத்தால பேஜார் பண்ணாத" என்று என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சட்டினி கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார் என்று அப்போது எரிச்சல்தான் வந்தது.

சென்னைக்காரர்கள் பக்கத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதாக இருந்தார்கள். ஃப்ரேம்வொர்க்கே புதிது, லிங்க்குகள் எல்லாம் புதிதாக எழுதப்படும். நான் லீவிலிருந்து வந்ததும், பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்த பிறகுதான் ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தேன். சரி மேடம், சரி மேடம் என்று தலையாட்டியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கண் பிரிவுக்கு வெளியே நாற்காலிகள் நிறைந்திருந்தன. அம்மாவுக்கு ஒரு கண்ணில் பச்சைத் துணி. மற்ற கண்ணால் எதிரில் இருந்த அம்மாளின் புடவைக் கரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் போனை எடுத்து டேங்க் பக்கத்தைத் திறந்தேன். அவர் இறங்குகிற நாளில் நான் எங்கே இருந்தாலும் அதைச் செய்வேன். நீலம் வந்துவிட்டதா என்று பார்ப்பேன், வந்திருந்தால் ஒரு பெருமூச்சு விடுவேன்.

ஊறல் டேங்க் நீலமாக இருந்தது. அப்பாடா, ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று மனசுக்குள் சொன்னேன். போனை மூடி மடியில்கூட வைத்துவிட்டேன்.

ஏதோ உறுத்தியது. பக்கம் கொஞ்சம் மொட்டையாக இருந்த மாதிரி தோன்றியது. மறுபடி திறந்தேன். பெயருக்குப் பின்னால் வருகிற வண்ணப் பட்டை இல்லை, வெறும் நீல எழுத்து, அடியில் ஒரு கோடு. சரி, புதிய பதிப்பை ஏற்றித் தொலைத்திருக்கிறார்கள், அழகு போயிற்று என்று பல்லைக் கடித்தேன். விரலால் தள்ளிக் கீழே போனேன். பழைய சுண்ணாம்பு டேங்க்கும் நீலமாக இருந்தது.

அந்த டேங்க் மூடியைப் பற்றவைத்து அடைத்துவிட்ட டேங்க். அதற்குள் யாரும் மீட்டர் வைக்கவே முடியாது. நான் அந்தப் பக்கத்தைச் செய்த நாளிலிருந்து அது சிவப்பாகத்தான் இருக்கிறது, என்றைக்கும் சிவப்பாகத்தான் இருக்க முடியும். அது நீலமாக நிற்கிறது என்றால் இந்தப் பக்கத்தில் எந்த நீலமும் நீலம் இல்லை.

ஊறல் டேங்க்கின் பெயரைத் தொட்டேன். விவரம் திறந்தது. மீட்டர் காலையிலேயே வைத்திருக்கிறார்கள். கேஸ் இருக்கிறது. இறங்கக் கூடாது. உள்ளே அத்தனை தெளிவாக எழுதியிருந்தது. வெளியே, யாரும் தொடாத அந்தப் பெயர் மட்டும் வா வா என்று நீலமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அவர் போனுக்கு அடித்தேன். லாக்கரில் அடித்துக்கொண்டே இருந்திருக்கும். பாதுகாப்பு அதிகாரிக்கு அடித்தேன், ஸ்விட்ச் ஆஃப். எங்கள் செக்‌ஷனுக்கு அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. கடைசியில் சென்னைக்காரர் எடுத்தார். குரலில் அத்தனை உற்சாகம்.

"மேடம், ஒரு குட் நியூஸ், காலையிலயே அப்டேட் போட்டுட்டோம்."

"லிங்க் கலரெல்லாம் எங்கப்பா?"

"அதுவா, ஸ்டைல் மட்டும் அப்ளை ஆகல மேடம். லிங்க் எல்லாம் க்ளிக் பண்ணா கரெக்டா போகுது, செக் பண்ணிட்டோம். தோற்றம்தானே, மண்டே பார்த்துக்கலாம்."

"யோவ், மண்டேக்குள்ள எங்க வீட்ல பொணம் விழும்யா!"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த ஆளின் குரல் அப்படியே இறங்கிப்போயிற்று. பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டுமானால் மேலே இருப்பவர் அனுமதி தர வேண்டுமாம், அவர் வண்டியில் வந்துகொண்டிருக்கிறாராம், அரை மணி நேரத்தில் பார்க்கிறாராம். அரை மணி நேரத்தில் எத்தனை மூச்சு என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டு போனை வைத்தேன்.

"இன்னாடி ஆச்சு? மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துப் போவுது?" என்றார் அம்மா.

"மா, அவரு டேங்க்ல எறங்கப் போறாரு. உள்ள கேஸ் இருக்குது. பேஜ்ல இல்லன்னு காட்டுது."

அம்மாவுக்கு பேஜ் என்றால் என்னவென்று தெரியாது. டேங்க் தெரியும், கேஸ் தெரியும். அந்த ஷாமியானாவை அவரும்தானே பார்த்தார். தன் பையிலிருந்து பட்டன் போனை வெளியே எடுத்தார். "கேட்ல நிக்கிறவன் நம்பர சொல்லு. நான் பேசறேன். நீ உன் வேலைய பாரு." எண்ணைச் சொன்னேன். ஒற்றைக் கண்ணை போனுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

நான் பக்கத்துக்குத் திரும்பினேன். ஊறல் டேங்க்கின் பெயரை விடாமல் அழுத்திப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் அந்த லிங்க்கின் முழு முகவரியும் மேலே வரும். வந்தது. முகவரியின் வாலில், கேள்விக்குறிக்குப் பின்னால், 'சிவப்பு' என்ற என் சொல் ஆங்கில எழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

புரிந்துவிட்டது. அடையாளத்தை நாலாவது இடத்தில் கொடுப்பதற்குப் பதிலாக மூன்றாவது இடத்தில் கொடுத்துத் தொலைத்திருக்கிறார்கள். ஃப்ரேம்வொர்க் ஒன்றும் தகராறு செய்யவில்லை. முகவரியில் ஒட்டச் சொல்கிறீர்களா, ஒட்டிவிட்டேன் என்று ஒட்டிவிட்டது. லிங்க் போக வேண்டிய பக்கத்துக்குத்தான் போகிறது, அதனால் சோதித்தவர்கள் கண்ணில் படவில்லை. சிவப்பு எங்கும் காணாமல் போகவில்லை. முகவரிக்குள் போய் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். என் புருஷன் கண்ணில் பட வேண்டிய இடத்தில் மட்டும் இல்லை.

"கேட் வாட்ச்மேனா? யாருப்பா பேசறது? எங்க மாப்ள டேங்க்ல எறங்கறாரு, ஓடிப்போய் புடி! ... லாரி நின்னா நிக்கட்டும்ப்பா! உனக்கு புள்ளகுட்டி இல்லயா?" அம்மா பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தார்.

கேட்டிலிருந்து டேங்குக்கு ஷெட்டெல்லாம் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். எவ்வளவு ஓடினாலும் நேரம் ஆகும். அந்தச் சுவரில் இருக்கிற டேப்லெட் ஒன்றுதான் அவருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் ஒரு சொல் பேச முடியாது, ஆனால் ஒரு நிறத்தை மாற்றலாம். லிங்க்கைச் செய்கிற புரோகிராம் சென்னைக்காரர் கையில், அதை நான் தொட முடியாது. ஸ்டைல் ஃபைல் என் கையில். எழுத்தைப் பெரிதாக்கு, கோட்டைத் தடிப்பாக்கு என்று ஆட்கள் கேட்கும்போதெல்லாம் சென்னையைக் கெஞ்ச வேண்டாம் என்று அதற்கு மட்டும் எனக்கு உரிமை கொடுத்திருந்தார்கள். ஆனால் அடையாளமே இல்லாத லிங்க்குக்கு ஸ்டைல் ஃபைல் எப்படிச் சிவப்பு பூசும்?

அங்கேதான் எனக்கு மூளை ஒரு நிமிடம் நின்றுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றுமே ஓடவில்லை. அவர் காலையில் சாப்பிடாமல் விட்டுப்போன சட்டினிதான் கண்ணில் நின்றது. கிண்ணத்தைக் கழுவாமல் வந்துவிட்டேனே என்று நினைத்தேன். கழுவாமல் இருப்பதே நல்லது, அவர் கை பட்டது என்றும் நினைத்தேன். சீ, இன்னும் உயிரோடு இருக்கிற மனுஷனைப் பற்றி இதென்ன நினைப்பு என்று என் தொடையில் நானே அடித்துக்கொண்டேன்.

முகவரி. அடையாளம் முகவரியில் இருக்கிறது. ஸ்டைல் ஃபைலுக்கு அடையாளத்தை மட்டும்தான் பார்க்கத் தெரியும் என்று யார் சொன்னது? முகவரியையும் அது படிக்கும். எந்த லிங்க்கின் முகவரிக்குள் இந்தச் சொல் இருக்கிறதோ அதற்கு இந்த நிறம் பூசு என்று ஒரு வரி எழுதினால் கேட்கும். காலேஜில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது. அதற்குப் பிறகு வாழ்க்கையில் ஒருமுறைகூட நான் பயன்படுத்தியதில்லை.

சர்வருக்குள் நுழையப் பாஸ்வேர்டு கேட்டது. தப்பாகப் போட்டேன். மறுபடி போட்டேன், திறந்தது. ஸ்டைல் ஃபைலின் அடிக்குப் போனேன். விரல் வேர்த்து வழிந்ததில் போன் என் தொடுதலையே ஏற்கவில்லை. புடவையில் துடைத்துத் துடைத்து அடித்தேன். சதுர அடைப்புக்குறி விசைப்பலகையில் எந்த மூலையில் இருக்கிறது என்று தேடுவதற்குள் உயிர் போய்விட்டது. ஒரு வரிதான். ஆபீசில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே அடித்துவிடுகிற ஒரு வரி.

உள்ளேயிருந்து அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். "வர்றோம் இருங்க, வர்றோம்!" என்று அம்மா அங்கேயிருந்தே அதட்டினார். பிறகு என் முதுகில் கை வைத்து, ஏசப்பா, ஏசப்பா என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்.

சேமித்தேன். பக்கத்தைப் புதிதாகத் திறந்தேன். வெள்ளையாக நின்றது, சுற்றிக்கொண்டே இருந்தது, வந்தது. பழைய சுண்ணாம்பு டேங்க் ரத்தச் சிவப்பு. ஊறல் டேங்க் ரத்தச் சிவப்பு.

அதோடு என் வேலை முடிந்துவிட்டது. இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. என் போனில் சிவப்பு வந்துவிட்டது, அந்தச் சுவரில் வந்ததா? டேப்லெட் பழைய பக்கத்தையே பிடித்து வைத்திருந்தால்? மேலே நிற்கிறவர் அவசரத்தில் இரண்டாவது முறை திறக்காமல் விட்டிருந்தால்? நான் கத்துவதற்கு முன்னாலேயே அவர் இறங்கியிருந்தால்? இப்போது அவர் மூக்குக்கு நாற்றம் தெரியாமல் போய்க்கொண்டிருந்தால்? கயிற்றைப் பிடித்திருப்பவர், அந்தத் தம்பியைப் போல, தூக்கிவிடலாம் என்று தானும் குதித்திருந்தால்? போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடி, அடி என்று கெஞ்சினேன். அடித்துவிடாதே என்றும் கெஞ்சினேன்.

அடித்தது. டேனரி நம்பர்.

எடுக்க முடியவில்லை. நிஜமாகவே விரல் போகவில்லை. அம்மாதான் என் கையிலிருந்து பிடுங்கி, எங்கே தொடுவது என்று தெரியாமல் திரை முழுக்கத் தடவி, எப்படியோ எடுத்து என் காதில் வைத்தார்.

"தங்கச்சி" என்றது குரல். அன்றைக்குக் கயிறு பிடித்து மேலே நின்ற பாய். என் வீட்டுக்காரரோடு எத்தனையோ வருஷமாக அந்தப் பகுதியில் வேலை செய்கிறவர், ரம்ஜானுக்கு எங்கள் வீட்டுக்குப் பிரியாணிச் சட்டியோடு வருகிறவர். அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த மூச்சு முடிவதற்குள் நான் தாலி அறுத்து, கறுப்புப் புடவை கட்டி, கல்லறைத் தோட்டம் வரை போய் வந்துவிட்டேன்.

"தங்கச்சி, பயப்படாத. மேலதான் இருக்கான். ஏணியில எறங்கிட்டான், தலதான் வெளிய இருந்துச்சி. நான் பேஜ புதுசா தொறந்தேன், சேப்பா வந்துச்சி. இப்பதானே நீலமா இருந்துச்சி, இதெப்டின்னு எனக்கே ஒண்ணும் புரியல. ஏறு தோஸ்த்னேன். நீலம்தான், நான் பார்த்தேன்னு சண்ட போடறான். காலர புடிச்சி இழுத்துப் போட்டுட்டேன். சட்ட கிழிஞ்சி போச்சி. அப்பறம்தான் கேட்லேர்ந்து ஓடியாந்தாங்க."

"அவருகிட்ட குடுங்கண்ணா."

"இன்னாடி?" என்றார் அவர். கொஞ்சம் எரிச்சலாகவே. சட்டை கிழிந்த எரிச்சல். அந்த எரிச்சலைக் கேட்டதும் எனக்கு வந்த அழுகையில் ஒரு நர்ஸ் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். கண் பிரிவு வாசலில் ஆபரேஷன் ஆனவர் சும்மா இருக்க, கூட வந்தவள் கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அதே கிழிந்த சட்டை. வாசல்படி ஏறுவதற்குள் மார்பிலேயே நாலு குத்து குத்தினேன். வாங்கிக்கொண்டு நின்றார். அம்மா பச்சைத் துணியோடு உள்ளேயிருந்து "இன்னும் ரெண்டு போடுடி" என்றார்.

"பட்டை இல்லாம வெறும் எழுத்தா இருந்துச்சே, பக்கம் மாறியிருக்குதேன்னு கூடவா தோணல? ஒரு தடவ தொட்டுப் பார்த்தா கைல கொப்புளமா வந்துடும்?" என்று கத்தினேன்.

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "தோணுச்சி. நாத்தமும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சி. ஏணிகிட்ட கொஞ்ச நேரம் நின்னேன். அப்பறம் நெனச்சேன், ஊர்லயே பெரிய பயந்தாங்கொள்ளி பண்ண பேஜ் இது. அவளே எறங்கலாம்னு சொல்றா, அப்பறம் எனக்கு இன்னா பயம்னு கால வெச்சிட்டேன்."

இத்தனை வருஷம் என் பயம் அவரைக் காப்பாற்றும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நம்பித்தான் மனுஷன் ஏணியில் கால் வைத்திருக்கிறார்.

பக்கத்தை மறுநாளே மாற்றினோம். அடையாளம் அதன் இடத்துக்கு வந்தது. நிறத்தோடு 'இறங்காதே' என்ற எழுத்தும் லிங்க்கின் பெயரிலேயே வருகிறது, எந்த ஸ்டைல் போனாலும் அது போகாது. ஷெட்டில் பொறி பறக்காத வகை இன்டர்காம் ஒன்றும் மாட்டியாயிற்று, அதன் மறுமுனை என் மேசையில். ஆனால் அவர் இப்போது பக்கத்தை நம்புவதில்லை. இறங்குவதற்கு முன்னால் எனக்கு அடிக்கிறார். "கலரு கிலரெல்லாம் எனக்கு வேணாம். நீ சொல்லு. எறங்கட்டா?"

நான் பக்கத்தைத் திறப்பேன். பெயரைத் தொட்டு உள்ளே போய் மீட்டர் விவரத்தைப் படிப்பேன். மூடிவிட்டு மறுபடி திறந்து படிப்பேன். பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டு அவர் வாயாலும் கேட்பேன். இன்டர்காமில் என் வீட்டுக்காரர் கனைப்பதும், பாய் கயிற்றைச் சரிசெய்வதும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். எல்லாம் சரியாக இருக்கும், இனிமேல் பார்க்க ஒன்றும் பாக்கி இருக்காது. அப்போது என் வாயால் நான் சொல்லியாக வேண்டும்.

"எறங்குங்க."

பாய் ரிசீவரை வைக்காமல் கொக்கியில் தொங்கவிடுவார். ஏணியில் அவர் கால் ஒவ்வொரு படியாகக் கீழே போகிற சத்தம் கேட்கும். அது மறுபடி மேலே வருகிற வரைக்கும் நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுப்பதில்லை.